குளிக்க வைக்கும்போது தெரிவது

அந்தப் பாட்டியின் தலையணைக்கு அடியில் நாலு துண்டு ரொட்டி இருந்தது. எங்கள் வார்டில் காலைப் பசியாறலுக்கு இரண்டு துண்டு ரொட்டி, ஒரு அவித்த முட்டை, ஒரு மக் மைலோ வரும். இரண்டு நாளாக முட்டையை மட்டும் சாப்பிட்டுவிட்டு ரொட்டியை டிஷ்யூவில் சுற்றி ஒளித்து வைத்திருக்கிறார், விரிப்பு மாற்றப் போனபோது என் கையில் தட்டுப்பட்டது. "எதுக்கு பாட்டி இது?" என்றேன். "மத்தியானத்துக்கு மிஸ்ஸி." (தாதியை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.) "மத்தியானம் சோறு வருமே பாட்டி." அவர் என்னைப் பார்த்து, "வருமா?" என்றார்.

கேஸ் நோட்டில் எழுதியிருந்தது வேறு: வீட்டில் சாப்பிட மறுக்கிறார், உடம்பு பலவீனம். மகன் சொன்னதை அவசரப் பிரிவில் அப்படியே எழுதியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அங்கே இருக்கிற கூட்டத்தில் அதற்கு மேல் யார் தோண்டிக் கேட்பது? மருந்து என்று நாங்களும் பெரிதாக ஒன்றும் கொடுக்கவில்லை. இரண்டு நாள் ட்ரிப், அப்புறம் சோறும் தண்ணீரும் நேரத்துக்கு. ஐந்தாவது நாள் பாட்டி எழுந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில் சீனப் பாட்டியோடு காற்றாடி வேகத்துக்காகக் கைஜாடையில் சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டார். இப்படிச் சட்டென்று தேறுகிறவர்களைப் பார்த்தால் முன்பெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். இப்போது சந்தேகம்தான் முதலில் வருகிறது.

நான் பினாங்கில் தாதியாக இருக்கிறேன், வேலை பார்த்த வருடங்களில் முக்கால்வாசி முதியோர் நிறைந்த மெடிக்கல் வார்டில்தான். இதில் வருகிற நோயாளிகளை யாரும் அடையாளம் காண முடியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன். முதியோர் துன்புறுத்தல் என்றதும் ஜனங்களுக்கு நினைவு வருவது, செய்தியில் போடுகிற மாதிரி கண் வீங்கி, உதடு கிழிந்து நிற்கிற ஒரு கிழவி. அப்படியும் வருகிறார்கள். ஆனால் வார்டில் நாங்கள் பார்ப்பதில் அது கொஞ்சம்தான், மற்றதெல்லாம் சத்தமில்லாமல் வரும். குளிக்க வைக்கும்போது, பக்கம் திருப்பும்போது, சோறு ஊட்டும்போது, டிஸ்சார்ஜ் அன்று யார் கூட்டிப்போக வருகிறார்கள் என்று பார்க்கும்போதுதான் தெரியும். டாக்டர் கட்டில் பக்கத்தில் நிற்பது ஐந்து நிமிடம். உடம்பு முழுவதையும் துணி இல்லாமல், நல்ல வெளிச்சத்தில், தினமும் பார்க்கிற ஒரே ஆள் தாதி.

உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறது, 2002-ல் டொரோண்டோவில் வெளியான பிரகடனத்திலும் அதுதான் இருக்கிறது. நம்பிக்கை வைக்க வேண்டிய ஓர் உறவுக்குள், ஒரு முறையோ பல முறையோ செய்கிற ஒரு செயல், அல்லது செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது, அதனால் முதியவருக்குத் தீங்கோ வேதனையோ வருவது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த "செய்யாமல் விடுவது". வழியில் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுகிறவன் இந்தக் கணக்கில் வரமாட்டான், அவன் மேல் யாரும் நம்பிக்கை வைக்கவில்லை. மாத்திரை வாங்கி வராத மகன் வருவான், நாள் முழுக்கப் பம்பர்ஸ் (டயப்பர்) மாற்றாத மகள் வருவாள், மணி அடித்தும் போகாத தாதியும் வருவாள். அடி, திட்டு, பாலியல் தொல்லை, பணத்தை அபகரிப்பது, கவனிக்காமல் விடுவது என்று வகை பிரிப்பார்கள், பரீட்சைக்கு அது போதும். வார்டில் இவை தனித்தனியாக வருவதில்லை, பணத்தில் ஆரம்பித்தது பட்டினியில் வந்து நிற்கும்.

எவ்வளவு பேருக்கு நடக்கிறது? 28 நாடுகளின் 52 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் வந்த கணக்குப்படி, வீட்டில் வாழும் 60 வயதைத் தாண்டியவர்களில் ஆறு பேரில் ஒருவருக்கு, ஒரே வருடத்துக்குள், ஏதோ ஒரு வகையில். நம் மலேசியாவில் 2018-ல் முதியோரை வைத்து எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் நூற்றுக்கு 9 பேர், அதிலும் கவனிக்காமல் விடப்பட்டவர்களே அதிகம். கோலாலம்பூர் நகர்ப்புற ஏழைகளிடம் மலாயாப் பல்கலைக்கழகக் குழு கேட்டபோது 9.6 விழுக்காடு. இதெல்லாம் கேட்டவரிடம் வாய் திறந்து சொன்னவர்கள். வீட்டுக்கு வந்து அமர்ந்திருக்கும் ஒரு முகம் தெரியாத ஆளிடம், பின்னால் மகன் நடமாடும்போது, எத்தனை பாட்டிகள் சொல்லியிருப்பார்கள் என்று எங்கள் வார்டில் ஒரு நாள் வேலை பார்த்தவருக்குத் தெரியும்.

இதைக் குடும்ப விஷயம் என்று தள்ளிவிட முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவின் நியூ ஹேவனில் முதியோர் கூட்டம் ஒன்றைப் பல வருடம் பின்தொடர்ந்து 1998-ல் வெளியிட்டார்கள். 13 வருட முடிவில், துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள் என்று பதிவானவர்களில் உயிரோடு இருந்தது 9 விழுக்காடு. அப்படி எந்தப் பதிவும் இல்லாதவர்களில் 40. வயது, நோய் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் போகவில்லை. இரத்த அழுத்தம் மாதிரி, சர்க்கரை மாதிரி, இதுவும் ஆளைக் கொல்லும். அவை இரண்டையும் தினமும் நாலு தடவை குறித்து வைக்கிறோம், இதை எங்கேயும் குறிப்பதில்லை.

சரி, குளியலுக்கு வருவோம்.

வயதானவர் தோல் காகிதம் மாதிரி. லேசாக இடித்தாலே கன்றிப் போகும், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்குக் கேட்கவே வேண்டாம், ஸ்டீராய்டு பல வருடம் எடுத்தவருக்கு முன்கை முழுக்க ஊதா நிறமாகவே இருக்கும். அதனால் காயத்தைப் பார்த்ததும் குதிக்கக் கூடாது. எங்கே இருக்கிறது என்பதுதான் பேச்சு. கலிஃபோர்னியாவில் வயதானவர்களைத் தினமும் பரிசோதித்து 2005-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று: தானாக, விபத்தாக வந்த கன்றல்களில் ஏறக்குறைய 90 விழுக்காடு கை கால்களில். கழுத்திலும் காதிலும் பிட்டத்திலும் பிறப்புறுப்பிலும் உள்ளங்காலிலும் ஒன்றுகூட இல்லை. அதே குழு பிறகு துன்புறுத்தப்பட்டவர்களைப் பார்த்தபோது, கன்றல்கள் பெரிதாக, 5 சென்டிமீட்டருக்கு மேல், முகத்திலும் வலது கையின் வெளிப்புறத்திலும் முதுகிலும் இருந்தன. அடியைத் தடுக்க எந்தக் கை முதலில் உயரும் என்று யோசித்தால் வலது கை ஏன் என்று புரியும். இன்னொன்றும் அதில் இருந்தது. விபத்தாகக் கன்றியவர்களில் பெரும்பாலோருக்கு அது எப்படி வந்தது என்றே ஞாபகம் இல்லை, அடிபட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சொல்லிவிட்டார்கள், ஞாபக மறதி உள்ளவர்கள் உட்பட. கேட்டால் சொல்வார்கள் என்று அர்த்தம். நாம்தான் கேட்பதில்லை.

நிறத்தை வைத்து நாள் கணக்குப் போடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது, நானும் படிக்கும்போது மனப்பாடம் செய்ததுதான், முதலில் சிவப்பு, பிறகு நீலம், அப்புறம் பச்சை, கடைசியில் மஞ்சள் என்று. அந்த ஆய்விலேயே முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சளாக இருந்தவையும் உண்டு. ஆகவே "பழைய காயம்" என்று நோட்டில் எழுதாதீர்கள். எழுதினால் நாளைக்குக் கோர்ட்டில் வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். நிறத்தை எழுதுங்கள், வயதை எழுதாதீர்கள்.

நம் ஊரில் இன்னும் ஒரு சிக்கல். முதுகில் இரண்டு பக்கமும் சிவப்புக் கோடுகளாக இருந்தால், சீன நோயாளி என்றால் அது குவா ஷா, சளிக்கும் காய்ச்சலுக்கும் சுரண்டி விட்டிருப்பார்கள். வட்ட வட்டமாக இருந்தால் பெக்காம், தோலில் கோப்பை கவிழ்த்து உறிஞ்சுகிற வைத்தியம், மலாய்க்காரர்கள் மட்டுமில்லை, இப்போது எல்லோரும் போகிறார்கள். நம்மவர்கள் வாயுப் பிடிப்புக்கு எண்ணெய் போட்டு அழுத்தி உருவி விட்டதில் தோள்பட்டை கன்றியிருக்கும். புதிதாக வந்த ஒரு தங்கச்சி பெக்காம் வட்டங்களைப் பார்த்துக் கண் கலங்கிப் போய் வார்டின் தலைமைத் தாதியான சிஸ்டரைக் கூப்பிட்டு வந்தாள், அந்த மலாய்ப் பெரியவர் வார்டே கேட்கும்படி சிரித்தார். ஆனால் அவள் கூப்பிட்டது தப்பில்லை என்று அன்றைக்கு சிஸ்டர் சொன்னார், அதைத்தான் நான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

பெட்சோர், அதாவது படுக்கைப் புண், வேறு கதை. பாடப் புத்தகத்தில் முதல் கட்டம் என்பது அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு. அது வெள்ளைத் தோலுக்கு எழுதியது. நம் பாட்டிகளின் கறுத்த தோலில் சிவப்பே தெரியாது. பக்கத்துத் தோலைவிட அந்த இடம் கறுத்து, கொஞ்சம் மினுமினுப்பாக, தொட்டால் சூடாகவோ சில்லென்றோ, கல் மாதிரி இறுகியோ, சதசதவென்றோ இருக்கும், வலிக்கிறது என்பார். புறங்கையை வைத்துத் தொட்டுப் பாருங்கள், அடுத்த பக்கத்தோடு ஒப்பிடுங்கள். அந்தக் கட்டத்தில் தவறவிட்டால் அடுத்து தோல் உரிந்துதான் தெரியும். பெட்சோர் இருந்தாலே வீட்டில் துன்புறுத்துகிறார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, உயிரைக் கொடுத்துப் பார்க்கிற வீட்டிலும் வரும், ஏன், எங்கள் வார்டிலேயே வரும். நான் கவனிப்பது புண்ணைச் சுற்றியிருப்பதை. மருந்து வைத்துக் கட்டியிருக்கிறார்களா, பழைய பம்பர்ஸ் ஒட்டிக் காய்ந்திருக்கிறதா, கழுத்து மடிப்பில் எத்தனை நாள் அழுக்கு, கால் நகம் சுருண்டு சதைக்குள் போயிருக்கிறதா, தலைமுடி சிக்கு விழுந்து ஒரே கட்டியாக இருக்கிறதா, பல்செட்டும் மூக்குக் கண்ணாடியும் எங்கே. இரண்டு மணிக்கட்டிலும் ஒரே மாதிரி வரி இருந்தால் கட்டிப் போட்டிருக்கிறார்கள். பகலெல்லாம் தூங்கி வழிந்து, வார்டுக்கு வந்த மூன்றாம் நாள் பளிச்சென்று விழித்துக்கொண்டால், வீட்டில் தூக்கம் வரும் அலர்ஜி மாத்திரை ஓடியிருக்கும்.

ரொட்டிப் பாட்டிக்கு நகமும் முடியும்தான் இருந்தன, காயம் ஒன்றுகூட இல்லை. குளிப்பாட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, ஒரு மணி நேரம் சிக்கு எடுத்தேன். தலையில் கை வைத்தால் நம் கிழவிகள் பேசிவிடுவார்கள். "காலையில கதவ வெளியே பூட்டிட்டுப் போவான் மிஸ்ஸி. ரொட்டி வச்சிட்டுப் போவான்." மகனுக்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் 12 மணி நேர ஷிஃப்ட், ஓவர்டைமெல்லாம் சேர்த்து விடியலில் போனால் இருட்டித்தான் வீடு. பாட்டி ஒரு தடவை கேஸ் அடுப்பைத் திறந்து விட்டுத் தூங்கிவிட்டார். அதிலிருந்து பூட்டு. பெண்டாட்டி இல்லை, அக்கா ஜொகூரில். மத்தியானம் என்றால் இந்த ரொட்டிதான், அதையும் காலையிலேயே தின்றுவிட்டால் ராத்திரி வரை ஒன்றும் இல்லை. இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? பாட்டி பட்டினி கிடந்தது நிஜம். மகன் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்து அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே நாற்காலியில் தூங்கிப்போவதும் நிஜம்.

பார்த்துக்கொள்கிறவரின் களைப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இந்த மகன் அந்தக் கதைக்குப் பொருந்துவார், ஆனால் எல்லோரும் பொருந்தமாட்டார்கள். அடிக்கிறவர்களிடம் பெரும்பாலும் பார்ப்பது குடி, போதை, மனநோய், அப்புறம் அந்த முதியவரின் பணத்தையும் வீட்டையும் நம்பியே ஓடுகிற வாழ்க்கை. யார் யாரை நம்பியிருக்கிறார்கள் என்று கேட்டால் பல சமயம் பதில் தலைகீழாக வரும். களைத்தவருக்கு உதவி தேவை, அடிக்கிறவர் இருக்கிற வீட்டில் முதலில் பாட்டிக்குப் பாதுகாப்பு தேவை. இரண்டையும் ஒரே மாதிரி நடத்தினால் ஒன்று அநியாயம், இன்னொன்று ஆபத்து.

கேட்பது எப்படி என்பதில்தான் நாங்கள் அதிகம் கோட்டை விடுகிறோம், அதிலும் மொழியில். வார்டில் இருக்கும் தாதி மலாய்க்காரர், ஹவுஸ்மேன் (பயிற்சி டாக்டர்) சீனர், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பாட்டிக்குத் தமிழும் கொஞ்சம் கடைத்தெரு மலாயும். யார் மொழிபெயர்ப்பது? கூட வந்த மருமகள். "அத்தை வழுக்கி விழுந்துட்டாங்க டாக்டர்," முடிந்தது. மருமகள் நல்லவளாகவே இருக்கலாம், ஆனால் இந்தக் கேள்விகளுக்கு உறவினரை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது, இதில் விதிவிலக்கே கிடையாது. பக்கத்து வார்டில் தமிழ் பேசுகிற ஆள் ஒருவராவது இருப்பார், துப்புரவு அக்காவைக்கூடச் சிலர் கூப்பிடுவார்கள், எனக்கு அது பிடிக்காது, ஏனென்றால் அந்த அக்கா பாட்டியின் அடுத்த வீட்டுக்காரராக இருந்தாலும் இருப்பார், பினாங்கு சின்ன ஊர். தாதியோ டாக்டரோதான் வர வேண்டும். தனியாகக் கேட்க வேண்டும். குடும்பம் விலகவில்லை என்றால் எக்ஸ்ரேக்கு, குளியலறைக்கு, எடை பார்க்க என்று ஏதாவது சொல்லித் தள்ளிக்கொண்டு போங்கள். ஒரு நிமிடம்கூட விடாமல் கட்டிலை ஒட்டியே நிற்கிற, பாட்டியிடம் கேட்ட எல்லாவற்றுக்கும் தானே பதில் சொல்கிற உறவினர் என்றால் அதையும் நோட்டில் குறியுங்கள்.

மாண்ட்ரியலில் குடும்ப டாக்டர்களுக்காக உருவாக்கி 2008-ல் வெளியிட்ட ஆறு கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது, ஈஸி என்று சுருக்கிச் சொல்வார்கள், இரண்டு நிமிடத்தில் முடியும், நினைவாற்றல் ஓரளவு நன்றாக இருப்பவர்களுக்குத்தான் பொருந்தும். முதல் கேள்வி அன்றாட வேலைக்கு யாரை நம்பியிருக்கிறீர்கள் என்பது. அப்புறம், சாப்பாடு, துணி, மருந்து, கண்ணாடி, பிடித்தவர்களைப் பார்ப்பது எதையாவது யாராவது தடுத்தார்களா, அவமானப்படும்படியோ பயப்படும்படியோ பேசினார்களா, விருப்பமில்லாமல் கையெழுத்து வாங்கவோ பணத்தை எடுக்கவோ பார்த்தார்களா, பயமுறுத்தினார்களா, தொடக் கூடாதபடி தொட்டார்களா, அடித்தார்களா. ஆறாவது கேள்வி நோயாளிக்கு இல்லை, டாக்டர் தான் பார்த்ததை வைத்துத் தானே பதில் போடுவது. முதல் கேள்வியைத் தவிர எதற்கு ஆமாம் வந்தாலும் மேலே விசாரிக்க வேண்டும்.

அதை அப்படியே தமிழில் மொழிபெயர்த்துக் கேட்டால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். "வீட்டுல யாராச்சும் அடிக்கிறாங்களா பாட்டி?" என்றால் "சேச்சே, அதெல்லாம் இல்ல" என்றுதான் வரும், குடும்ப மானம் முன்னால் வந்து நிற்கும். நான் சுற்றி வளைத்துத்தான் போவேன். காலையில் யார் எழுப்பிவிடுவார்கள், கோப்பி யார் கலக்குவார், கோயிலுக்குப் போய் எவ்வளவு நாளாகிறது, பேங்க் கார்டு யார் கையில், ராத்திரி தாகம் எடுத்தால் யாரைக் கூப்பிடுவீர்கள், அவர்கள் கோபப்பட்டால் என்ன செய்வார்கள். கடைசிக் கேள்விக்கு வரும் மௌனத்தை இடையில் நிரப்பாமல் சும்மா இருப்பதுதான் கஷ்டம், நாம் வாயாடிகள்.

மறதி நோய் உள்ளவர் சொன்னால் என்ன செய்வது? "என் சங்கிலிய மருமக எடுத்துட்டா" என்பது டிமென்ஷியாவில் சர்வசாதாரணம், சங்கிலி தலையணை உறைக்குள் இருக்கும். நிஜமாகவே எடுத்தும் இருப்பாள். எங்கள் சிஸ்டர் ஒருவர் சொல்லும் வழி எளிது: நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம், எழுதி வை, சமூக நல அதிகாரியிடம் சொல், வேறு நாள் வேறு ஆள் கேட்கட்டும்.

எழுதுவது என்றேன். தாதியின் கையில் இருக்கிற பெரிய ஆயுதம் அந்த நோட்டுதான், அதைத்தான் நாம் வீணடிக்கிறோம். "துன்புறுத்தப்பட்ட மாதிரி தெரிகிறது" என்று எழுதினால் அது உங்கள் அபிப்பிராயம். இடது மேல்கையின் உட்புறத்தில் நான்கு வட்டக் கன்றல்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர், ஊதா நிறம், ஒரே வரிசையில் என்று எழுதினால் அது சாட்சி. உடம்புப் படம் வரைந்து குறியுங்கள். பாட்டி சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே மேற்கோள் போட்டு எழுதுங்கள், தமிழில் சொன்னதை ஆங்கில எழுத்திலாவது அப்படியே போட்டுப் பக்கத்தில் அர்த்தம் எழுதுங்கள், ஏனென்றால் "தள்ளிட்டான்" என்பதும் "தள்ளி வச்சிட்டான்" என்பதும் மொழிபெயர்ப்பில் ஒரே சொல்லாகிவிடும், ஒன்று கீழே தள்ளியது, இன்னொன்று ஒதுக்கி வைத்ததாகவும் இருக்கலாம். உறவினர் சொன்ன காரணம் நேற்றைக்கு ஒன்று, இன்றைக்கு வேறு என்றால் இரண்டையும் நேரத்தோடு எழுதுங்கள். படம் எடுப்பது ஆஸ்பத்திரி முறைப்படி, சம்மதத்தோடு, உங்கள் சொந்தப் போனில் கூடவே கூடாது. வார்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதுவும் அந்தக் கிழவிக்குச் செய்கிற ஒரு கொடுமைதான்.

அப்புறம் யாரிடம் போவது? முதலில் சிஸ்டர், எம்.ஓ. (வார்டு டாக்டர்), மருத்துவச் சமூக நல அதிகாரி. அடி, பாலியல் தொல்லை என்றால் அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருக்கும் ஒரே இட நெருக்கடி மையம், ஓ.எஸ்.சி.சி. என்போம், 90களில் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் தொடங்கியது, முதியோருக்கும் அதே கதவுதான். வெளியே இருந்து யாரும் தாலியான் காசே என்கிற அரசாங்க உதவி எண் 15999-ஐக் கூப்பிடலாம், 24 மணி நேரமும்.

சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. பிள்ளையைத் துன்புறுத்தியதாகச் சந்தேகம் வந்தால் 2001 சிறார் சட்டப்படி டாக்டர் புகார் செய்தே ஆக வேண்டும். முதியோருக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை, அவர்களுக்கென்று தனிச் சட்டமே இல்லை, வரும் வரும் என்று பேச்சு மட்டும் பல வருடமாக ஓடுகிறது. கையில் இருப்பது 1994 குடும்ப வன்முறைச் சட்டம். அதில் "இயலாத பெரியவர்" என்பதற்கான விளக்கத்தில் உடல் ஊனம், மன ஊனம், நோய் ஆகியவற்றோடு முதுமை என்ற சொல்லும் இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. அடிப்பது, மிரட்டுவது, விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைப்பது எல்லாம் அதில் வரும், 2017-ல் திருத்தியபோது நேர்மையில்லாமல் சொத்தை எடுத்து நஷ்ட வேதனை உண்டாக்குவதும் சேர்ந்தது. அதே திருத்தத்தில் வந்ததுதான் அவசரப் பாதுகாப்பு ஆணை, சமூக நல இலாகா அதிகாரியே கொடுக்கலாம், கோர்ட்டுக்கு ஓட வேண்டாம், ஏழு நாள் செல்லும். நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர் மேல் அவதூறு வழக்குப் போட முடியாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது, பயந்த தாதிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் பட்டினி போடுவது, குளிக்க வைக்காமல் விடுவது அதற்குள் சுலபமாக அடங்காது. சம்பளத்துக்கு வந்த பணிப்பெண் அடித்தால் அவர் குடும்பம் இல்லை, தண்டனைச் சட்டத்துக்குத்தான் போக வேண்டும். (பணிப்பெண்ணை உடனே குற்றவாளி ஆக்காதீர்கள். வீட்டில் நடப்பதை எனக்கு முதலில் சொன்னவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான்.)

இந்தக் கணக்கில் ரொட்டிப் பாட்டியின் மகன் செய்தது அடைத்து வைத்தல். சட்டப் புத்தகத்தை விரித்தால் அவரைப் பிடித்து உள்ளே போடவும் வழி இருக்கும், போட்டால் பாட்டிக்கு ரொட்டியும் இல்லை. நாங்கள் போனது வேறு வழி. சமூக நல அதிகாரி மகனோடு இரண்டு தடவை உட்கார்ந்து பேசினார், பூட்டினால் தீ விபத்தில் என்ன ஆகும் என்று நேராகவே சொன்னார், அவர் அழுதுவிட்டார். சமூக நல இலாகாவின் வீட்டு உதவித் திட்டத்துக்கு மனுப் போட்டோம். பக்கத்துச் சுகாதார கிளினிக்கின் வீட்டுப் பராமரிப்புக் குழுவுக்குக் கடிதம் எழுதினோம். கேஸ் சிலிண்டரைக் கழற்றிவிட்டு மின்சார அடுப்பு, எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் ஒரு சாவி, மத்தியானம் அவர் கையால் ஒரு தட்டுச் சோறு, அதற்கு மாதம் ஒரு தொகை. சாவிதான் பெரிய விஷயம்.

முதியோர் இல்லங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1993 பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிவு செய்ய வேண்டும், மருத்துவப் பராமரிப்போடு நடத்தும் தனியார் இடங்களுக்கென்று 2018-ல் தனிச் சட்டம் வந்தது. வாசலில் பதிவுச் சான்று தொங்குகிறதா என்று பார்ப்பது உறவினர் வேலை. பதிவு இருந்தாலும் ராத்திரி எத்தனை முதியவருக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள், கேட்டால் முகம் மாறும். இல்லங்களில் வேலை செய்கிறவர்களிடமே கேட்ட ஆய்வுகளை வைத்து உலக சுகாதார நிறுவனம் சொல்வது, மூவரில் இருவர் கடந்த ஒரு வருடத்தில் ஏதோ ஒரு வகையில் துன்புறுத்தியதாகத் தாங்களே ஒப்புக்கொண்டார்கள் என்று. முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் ஒரு நைட் ஷிஃப்ட் ஞாபகம் வந்தது, ஒரு தாத்தா மூக்கு டியூப்பை மூன்றாவது தடவையாகப் பிடுங்கியபோது நான் அவர் கையைப் பிடித்துக் கட்டில் கம்பியில் கட்டிய வேகமும், கத்திய சத்தமும். டாக்டர் உத்தரவு இல்லை, அரை மணிக்கு ஒரு தடவை மணிக்கட்டைப் பார்க்கவும் இல்லை, விடியலில்தான் அவிழ்த்தேன். கணக்கெடுக்க யாராவது வந்திருந்தால் நானும் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

பெருநாள் வாரம் வந்தால் இன்னொன்று நடக்கும். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், சீனப் பெருநாளுக்கு முன்னால், "சாப்பிட மாட்டேங்கிறாங்க" என்று ஒரு அட்மிஷன், டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த போன் நம்பர் வேலை செய்யாது. எல்லா இனத்திலும் உண்டு. பெருநாள் முடிந்து ஒரு வாரத்தில் சிலர் வந்து கூட்டிப் போவார்கள், கையில் ஒரு பை முறுக்கோ ஆரஞ்சோ இருக்கும், எங்களுக்கு.

கடைசியாக, எனக்கு ரொம்ப நாள் தூக்கத்தைக் கெடுத்த ஒரு தாத்தா. பட்டர்வொர்த் பக்கம், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், பென்ஷன் உண்டு. சர்க்கரைப் புண்ணோடு வந்தார், காலில் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. டிரெஸ்ஸிங்குக்கு ஏன் கிளினிக் போகவில்லை என்று டாக்டர் திட்டினார், தாத்தா தலையைக் குனிந்துகொண்டார். குளிக்க வைக்கும்போதுதான் சொன்னார், கையில் கிராப் காருக்கே காசு இல்லை, ஏடிஎம் கார்டு பேரனிடம், பென்ஷன் விழுந்த அன்றைக்கே எடுத்துவிடுவான். "என் பேரன் மிஸ்ஸி, நான் தூக்கி வளர்த்தவன். போலீஸ் கீலீஸ்னு போயிடாதீங்க."

அவர் புத்தி தெளிவாக இருந்தது. தெளிவாக இருக்கிற ஒருவர் வேண்டாம் என்றால் அவர் பேச்சைத் தாண்டி நாம் போக முடியாது, உயிருக்கு ஆபத்து என்றால் தவிர. மறதி முற்றியவராக இருந்திருந்தால் கதையே வேறு, அவருக்காக வேறு யாராவது முடிவெடுத்தே ஆக வேண்டும். போக முடியாது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்று அர்த்தமில்லை. அவர் சொன்னதை எழுதி வைத்தேன், வேண்டாம் என்று சொன்னதையும் எழுதினேன், யாருக்கெல்லாம் சொல்லலாம் என்று அவரையே கேட்டேன். சமூக நல அதிகாரிக்கு மட்டும் சரி என்றார். அவர் வந்து பேங்கில் கார்டை மாற்றுவது எப்படி, அடையாள அட்டை போதும், கூட யாரும் வர வேண்டியதில்லை என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அப்பாயிண்ட்மெண்ட் கார்டின் பின்னால் 15999 என்று மட்டும் எழுதினேன், பெயர் போடவில்லை, பேரன் பார்த்தால் என்ன நம்பர் என்று தெரியக் கூடாது. டிரெஸ்ஸிங்கை வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்குக்கு மாற்றி, இரண்டு வாரத்தில் எங்களிடமும் ஒரு செக்கப் போட்டோம், புண்ணுக்கு ஒரு மாதம் கழித்துப் பார்த்தாலே போதும், அந்த இரண்டு வாரம் வேறு எதற்காக என்று அவருக்கும் தெரியும்.

வந்தார். பெர்ரியில் வந்ததாகச் சொன்னார், தனியாக. புண் சுத்தமாக இருந்தது. கட்டு மாற்றிவிட்டு நிமிர்ந்தபோது சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார், கார்டின் ஓரம் வெளியே தெரிந்தது. "நம்பர மாத்தியாச்சு மிஸ்ஸி." பேரனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த டிரெஸ்ஸிங் தேதியை எழுதிக் கொடுத்தேன்.